உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

வீட்டு சிஸ்டத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று கடையில் போய் நின்றால் இரண்டு கேள்விகள் வரும்: எத்தனை டிபி வேணும், எந்தக் கம்பெனி வேணும்? வீட்டிலும் இதே இரண்டைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நண்பர் சீகேட் பக்கமே போகாதே என்பார். இன்னொருவர், என் வீட்டில் பத்து வருஷமாக சீகேட்தான் ஓடுகிறது என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும், இரண்டாலும் நமக்குப் பயனிருக்காது. காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இப்போது வாங்கப்போவதும் ஒருநாள் சாகத்தான் போகிறது, அது எப்படிச் சாகும்? இந்தக் கேள்வியோடு சந்தையில் இருப்பவற்றை எடைபோட்டால் கடைக்காரர் நீட்டும் விடையிலிருந்து வேறான ஒரு விடை கிடைக்கிறது.

அதற்கும் முன்னால், செத்தது டிஸ்க்தானா என்று பார்த்துவிட வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவேடு வரிசையாகத் தெரியும். இருபது வரிக்கு மேல் இருந்தாலும் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை நாலுதான். 05 என்பது கெட்டுப்போய், வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6, எத்தனை முயன்றும் தேறாதவை. இந்த மூன்றில் எதிலாவது எண் இருந்து, வாரத்துக்கு வாரம் அது ஏறினால் டிஸ்க் விடைபெறத் தயாராகிவிட்டது. நாலாவதான சி7 வேறு ரகம். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் வழியிலேயே சிதைந்த தகவல்களை எண்ணுவது அது. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் எகிறியிருந்தால், பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றினாலும் பழைய எண் அழியாது; மேலே ஏறாமல் நின்றுவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். கேபிள் கோளாறுக்காக டிஸ்க்கையே மாற்றி, பழைய கேபிளிலேயே புது டிஸ்க்கை மாட்டிக் கொடுக்கும் சர்வீஸும் நாட்டில் நடக்கிறது.

இந்தப் பதிவேட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே இல்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்று அது சொன்னது. அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது: செத்துப்போனவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலை தவிர வேறெந்த ஸ்மார்ட் எண்ணிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. ஆக, பதிவேடு கெட்ட செய்தி சொன்னால் உடனே நம்பவேண்டும். நல்ல செய்தி சொன்னால் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. ‘குட்’ என்று நீல நிறத்தில் தெரிகிறதே என்று பேக்கப் எடுக்காமல் இருப்பவர்கள் இந்தப் பாதியைத்தான் தவறவிடுகிறார்கள்.

டிஸ்க் இழுத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே வேறெங்கும் இல்லாத கல்யாணப் படங்கள் இருக்கின்றன என்றால், வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டுப் படங்களைப் பார்க்க வேண்டும். இங்கே பலரும் முதலில் செய்வது செக்டிஸ்க் ஓட்டுவது. அது ஃபைல் அமைப்பைச் சீர்செய்ய வந்த கருவி. டிஸ்க்கைக் காப்பாற்ற வந்ததல்ல. தள்ளாடும் ஹெட்டை மூலை முடுக்கெல்லாம் அலையவிட்டு, கிடைத்ததையும் திருத்தி எழுதி, மிச்சமிருந்த வாய்ப்பையும் கெடுத்துவிடும். சரியான கருவி லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ. நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளி வேறொரு டிஸ்க்கில் வைத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்று ஒரு கோப்பில் குறித்தும் வைத்துக்கொள்ளும்.

சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் இந்த வேலையும் கூடாது. ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டும் சத்தமாக அது இருக்கலாம். சுழலும் தட்டுக்கு மேலே ஒரு சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய பொருள் அது. தட்டை உரசினால் உரசிய இடத்தில் இருந்தது தூளாகப் போயிற்று. கரண்டைப் பிடுங்கிவிட்டு, தூசியற்ற அறை வைத்திருக்கும் ரெக்கவரி நிறுவனத்துக்குப் போவதா, படங்களை மறந்துவிடுவதா என்று முடிவெடுப்பதுதான் வழி. ஃப்ரீஸரில் வைத்தால் உயிர் வரும் என்பது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வைத்தியம். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் தட்டின் மேல் நீர்த்துளி படியும். அதன் பிறகு எந்த நிபுணரும் கையை விரிப்பார். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் இன்றைய டிஸ்க்குகளில் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதனதன் போர்டில் உள்ள சின்ன ரோம் சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

இனி வாங்கும் விஷயம். கம்பெனிச் சண்டையை முதலில் முடித்துவிடலாம். ஐபிஎம் 2000-இல் வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி அவ்வளவு வேகமாகச் செத்ததால் ‘டெத்ஸ்டார்’ என்றே பெயர் வாங்கியது, வழக்கும் வந்தது. ஐபிஎம் அந்தத் தொழிலையே ஹிட்டாச்சியிடம் விற்றுவிட்டது. அதே பரம்பரையில் வந்த எச்ஜிஎஸ்டி டிஸ்க்குகள்தான் பின்னாளில் மிகக் குறைவாகச் சாகும் டிஸ்க்குகள் என்று பெயரெடுத்தன. அந்த எச்ஜிஎஸ்டியை 2012-இல் டபிள்யூடி வாங்கியது. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழில் அதற்கு முந்தைய ஆண்டு சீகேட்டிடம் போனது. சீகேட்டின் கதையும் ஒரே மாதிரி இல்லை: 2009-இல் பாரகுடா 7200.11 ஃபர்ம்வேர் கோளாறால் நல்ல டிஸ்க்குகள் திடீரென்று உறைந்தன, பிறகு 3 டிபி எஸ்டி3000டிஎம்001 கொத்துக் கொத்தாகச் செத்தது. அதே சீகேட்டின் வேறு பல மாடல்கள் எந்தச் செய்தியிலும் வராமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கெட்டது மாடல்தான், பெயர்ப்பலகை இல்லை. இன்று உலகில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் சீகேட், டபிள்யூடி, டோஷிபா என்று மூவரே. மூவரில் யாரை வாங்கினாலும் விதி பெரிதாக மாறிவிடாது.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை சாகின்றன என்று 2013-இலிருந்து வெளியிட்டுவருகிறது. இந்தத் துறையில் கம்பெனிக்காரர் அல்லாத ஒருவர் தரும் நம்பகமான கணக்கு அதுதான். ஆண்டு இறப்பு விகிதம் 2023-இல் 1.40 சதவீதம், 2024-இல் 1.57 சதவீதம். ஆனால் அவை குளிரூட்டிய அறையில், நிற்காத மின்சாரத்தில், இரவும் பகலும் சுழல்பவை. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போகும்போதெல்லாம் பொத்தென்று அணையும் நம் வீட்டு கேபினட்டுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. கம்பெனி டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் பத்து லட்சம் மணி நேர ஆயுளுக்கோ இன்னும் மதிப்புக் குறைவு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 2007 ஆய்வில், அந்த ஆயுளின்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய மாற்று விகிதம் நடைமுறையில் 2 முதல் 4 சதவீதமாகவும், சில இடங்களில் 13 வரையிலும் இருந்தது.

அப்படியானால் எஸ்எஸ்டி வாங்கினால் சாகாதா? இங்கேதான் விளம்பரம் ஒன்று சொல்கிறது, கணக்கு இன்னொன்று சொல்கிறது. பேக்பிளேஸ் வெளியிட்ட எஸ்எஸ்டி கணக்குகளில் ஆண்டு இறப்பு ஒரு சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைவிட மேல், ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. சாகாது என்பதற்காக எஸ்எஸ்டி வாங்குகிறவர் ஏமாறுவார்.

வேகத்துக்காக வாங்குகிறவர் ஏமாற மாட்டார். நிமிஷத்துக்கு 7200 சுற்றும் டிஸ்க்கில் வேண்டிய செக்டர் ஹெட்டுக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது நாலு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல் காத்திருக்க வேண்டும். ஹெட் நகர்ந்து வர இன்னும் எட்டு, ஒன்பது. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைச் செகண்டுக்கு நூறுகூட எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ப்ராசஸர் ஐந்து சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, டிஸ்க் என்ற பத்தி மட்டும் நூறில் சிவந்து நிற்கும். எழுதும் வேகமும் படிக்கும் வேகமும் சேர்ந்து இரண்டு எம்பியைத் தாண்டாது. சிஸ்டம் ஸ்லோ, புதிது வாங்கவேண்டும் என்று முடிவுகட்டப்படும் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு நோய் இதுதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையைச் செகண்டுக்குப் பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் இருக்கும் டிரைவாக இனி ஹார்ட் டிஸ்க்கை வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்த ஒரு தீர்ப்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எஸ்எஸ்டியின் குறை வேறிடத்தில். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்பது தேவையற்ற பயம். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்குக் கம்பெனி எழுத்தில் தரும் உறுதி 600 டிபி எழுதும் வரை. ஒரு வீடு நாளுக்கு 20 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு ஏழு டிபிச் சொச்சம். எண்பது வருஷம் தாண்டும். அதற்கு வெகு முன்பே, கன்ட்ரோலரோ ஃபர்ம்வேரோ ஒருநாள் காலையில் கையை விரிக்கும். சாம்சங்கின் 980 ப்ரோவே ஒரு ஃபர்ம்வேர் பதிப்பில் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது 2023-இன் தொடக்கத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ஹார்ட் டிஸ்க் பல சமயம் முனகிவிட்டுச் சாகும்: சத்தம் மாறும், காப்பி நடுவில் திணறும், சி5 ஏறும். எஸ்எஸ்டி நேற்று நன்றாக இருந்தது, இன்று பயாஸில் பெயரே வரவில்லை என்று போகும். போன பிறகு மீட்பதும் கடினம். அழித்த ஃபைலின் இடத்தை ட்ரிம் கட்டளை உண்மையிலேயே துடைத்துவிடுகிறது. இருப்பவையும் சிப் சிப்பாகச் சிதறி, பல சமயம் குறியாக்கத்தோடு கிடக்கின்றன.

அலமாரியில் பூட்டி வைக்கவும் அது ஏற்றதல்ல. வீட்டு எஸ்எஸ்டிகளுக்கான ஜெடெக் தரம் கேட்பது இவ்வளவுதான்: உறுதியளித்த அளவு எழுதித் தீர்த்த பிறகு, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவல் தங்க வேண்டும். புதிய எஸ்எஸ்டியில் அதைவிட நெடுநாள் தங்கும்; ஆனால் சூடு ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டு பீரோவுக்குள் 30 டிகிரிக்கு ஆசைப்படலாம், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தால் அதற்குப் பதில் ஒரு பொருள் வாங்குவது என்ற எண்ணமே தவறு என்று தெரிகிறது. வேகத்துக்காக கேபினட்டுக்குள் ஒரு எஸ்எஸ்டி, நினைவுக்காக கேபினட்டுக்கு வெளியே ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் என்று இரண்டு வாங்க வேண்டும். கையில் உள்ள காசு ஒரு டிபி எஸ்எஸ்டிக்குத்தான் காணும் என்றால், 500 ஜிபி எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வெளி டிஸ்க்கில் போடுங்கள். கடைக்காரர்கள் விரும்பித் தரும் ஜோடியான உள்ளே எஸ்எஸ்டி, உள்ளேயே பெரிய ஹார்ட் டிஸ்க் என்பது இதற்கு ஈடாகாது. எஸ்எம்பிஎஸ் வெடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ரான்சம்வேர் புகுந்தால் டி டிரைவை மட்டும் விட்டுவைக்காது. வீடியோ எடிட் செய்கிறவருக்கு அந்த உள் டிஸ்க் தேவைப்படலாம். அது வேலைக்கான இடம், அதை பேக்கப் என்று எண்ணக் கூடாது.

கிளவுட் இருக்கிறதே என்பது நியாயமான எதிர்க்கேள்வி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் ஒரு குடும்பத்தின் பத்து வருஷப் படங்கள் அடங்காது. மாதக் கட்டணம் கட்டினால் அடங்கும், கட்டுபவர்கள் கட்டட்டும். ஆனால் வெறுமனே சிங்க் செய்யும் கோப்புறையில் இங்கே அழித்தது அங்கேயும் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

வெளி டிஸ்க்கில் ஒரு சங்கதி. இன்று விற்கும் சிறிய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்ற முறையில், தடங்களை ஓடு வேய்வது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகின்றன. ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளதையும் திருப்பி எழுத வேண்டும், அதனால் நெடுநேரம் எழுதினால் வேகம் படுத்துவிடும். 2020-இல் டபிள்யூடி, நாஸுக்கென்று விற்ற ரெட் டிஸ்க்குகளில் சொல்லாமல் இதைப் புகுத்தியது அம்பலமானபோது எழுந்த கோபம் நியாயமானது. நாஸ் போலப் பல டிஸ்க்குகள் சேர்ந்து ஓடும் இடத்தில் எஸ்எம்ஆர் ஆபத்து. மாதம் ஒருமுறை படங்களைக் கொட்டிவிட்டு எடுத்துவைக்கும் டிஸ்க்குக்கு அது பெரிய குறையில்லை. நான் அதைவிடக் கவலைப்படுவது யூஎஸ்பி இணைப்பைப் பற்றி. பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் அது நேரே போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கேபிளை இழுத்துப் பெயர்த்துவிட்டால், உள்ளே உள்ளதைக் கழற்றி சாட்டாவில் மாட்டிப் பார்க்க வழியில்லை.

எந்த எஸ்எஸ்டி? மதர்போர்டில் எம்.2 இடம் இருந்தால், அது என்விஎம்இயை ஏற்குமா, சாட்டா வகையை மட்டும் ஏற்குமா என்று மேனுவலில் பாருங்கள். இரண்டும் பார்க்க ஒரே குச்சிதான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றது ஓடாது. இடம் இல்லாத பழைய சிஸ்டத்தில் இரண்டரை அங்குல சாட்டா போதும். செகண்டுக்கு 550 எம்பி, 3500 எம்பி, 7000 எம்பி என்ற ஏணியில் கடைசி இரண்டு படிகள் பெரிய ஃபைல்களை நாளெல்லாம் நகர்த்துபவர்களுக்கு. பிரௌசரும் டாலியும் திறப்பவருக்கு வித்தியாசம் கைக்குத் தட்டுப்படாது. விமர்சனங்களைப் படித்து வாங்குவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2021-இல் குரூசியல் பி2 அதே பெயரிலேயே மலிவான க்யூஎல்சி சிப்புக்கு மாறியது. டபிள்யூடி எஸ்என்550-உம் அதே ஆண்டு மெதுவான ஃப்ளாஷுக்கு மாறியது. நீங்கள் படித்த விமர்சனம் ஒரு பொருளுக்கு, பெட்டியில் வருவது வேறொன்று. ஆகவே எழுத்தில் உள்ளதைப் பாருங்கள்: வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை டிபி எழுதும்வரை. ஐந்து வருஷம் தருபவர் மூன்று வருஷம் தருபவரைவிடத் தன் சரக்கை நம்புகிறார். எழுத்தளவைப் பெட்டியிலும் போடாமல் வலைத்தளத்திலும் போடாமல் விற்கும் பெயர் தெரியாத சரக்கு, என்ன விலையானாலும் வேண்டாம்.

சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் ரீஃபர்பிஷ்ட் ஹார்ட் டிஸ்க்கும் மலிவாகக் கிடைக்கும். பழையது என்று சொல்லி விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் சிக்கல். 2025 ஜனவரியில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் ஸ்மார்ட் பதிவேட்டைத் துடைத்துப் புதிதாக விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹைஸ பத்திரிகை வெளியில் கொண்டுவந்தது. சீகேட்டின் உள்பதிவான ஃபார்ம் எண்களில் உண்மையான மணிக்கணக்கு அழியாமல் இருந்ததால்தான் குட்டு உடைந்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பூஜ்யம் மணி என்று காட்டுவது இனி ஒரு சாட்சியம் ஆகாது. மூன்றாவது பிரதி வைக்க வாங்கலாம், ஒரே பிரதி வைக்க வாங்கக் கூடாது.

மாட்டுவது எளிது. எல் வடிவ இணைப்பு ஒரு பக்கம்தான் நுழையும், எஸ்எஸ்டிக்கு அதிர்வு இல்லாததால் இரண்டு ஸ்க்ரூ இருந்தால் போதும். பழைய டிஸ்க் தள்ளாடுகிறது என்றால் குளோன் செய்யாமல் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகும். போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பூட் பகுதி வேறொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டு, அதைக் கழற்றுகிற அன்று சிஸ்டம் எழாது. புதிய விண்டோஸில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைக்காவிட்டால் உங்கள் படங்களே உங்களுக்குப் பூட்டப்படும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, 11 ஏற்காத பழைய சிஸ்டத்தில் எஸ்எஸ்டி போட்டு என்ன பயன் என்பார்கள். லினக்ஸ் மின்ட் போட்டால் எட்டு ஜிபி ராமில் இன்னும் சில வருஷம் நன்றாகவே ஓடும்.

கடைசியில் செத்த டிஸ்க். வாரண்டி மிச்சமிருந்தால் மாற்றித் தருவார்கள், பெரும்பாலும் சீர்செய்த ஒன்றை. பழையது திரும்பி வராது, அதிலுள்ள உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டும் ஆதார் நகலும் அதனோடேயே போகும். ஓடாத டிஸ்க்கை உங்களால் துடைக்கவும் முடியாது. அப்படிப்பட்டவை உள்ளே இருந்தால் வாரண்டியை விட்டுக்கொடுத்துவிடலாம் என்பேன். பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் தட்டுகளைச் சிதைக்க வேண்டும். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க்கில் அவை பொதுவாக அலுமினியம், நாலு இடத்தில் டிரில் போட்டால் ஆயிற்று. லேப்டாப்பின் இரண்டரை அங்குலத்தில் பல சமயம் கண்ணாடி. அடித்தால் ஊசி ஊசியாகத் தெறிக்கும், கெட்டித் துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.